போர்டில் தெய்வம், கவுன்ட்டரில் யார்?

வாடிக்கையாளரை முன்னிறுத்தித் தொழில் நடத்துவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

ஈரோட்டில் மூன்று கிளைகளுடன் வீட்டு உபயோகப் பொருள் ஷோரூம் நடத்துகிறோம். 'வாடிக்கையாளரே தெய்வம்' என்று கல்லாவுக்கு மேலேயே எழுதி வைத்திருக்கிறோம். ஊழியர்களுக்கு வருடம் இரண்டு முறை பயிற்சி வகுப்பும் உண்டு. ஆனாலும் கூகுள் ரிவ்யூவில் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஷோரூம் உரிமையாளர், ஈரோடு

போர்டையும் பயிற்சி வகுப்பையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். புகாரைத் தீர்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, சேல்ஸ்மேனுக்கு எதற்காக இன்சென்டிவ் தருகிறீர்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் நீங்களே புகாரைக் காது கொடுத்துக் கேட்கிறீர்கள், இவற்றை முதலில் பாருங்கள். இவை மாறாதவரை ஊழியர்கள் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் ரிவ்யூ மாறாது.

உங்கள் தொழிலிலேயே அடிக்கடி வரும் ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை ஒரு வாஷிங் மெஷின் விற்பனையாகிறது. "எப்ப வந்து மாட்டித் தருவாங்க?" என்று கேட்கிறார் வாடிக்கையாளர். "நாளைக்கே வந்துடுவாங்க சார்" என்கிறார் சேல்ஸ்மேன். மாட்ட வேண்டியவர் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஆள். அவருக்குத் தகவல் போக வேண்டுமானால் மாடல் எண், சீரியல் எண், பில் தேதி எல்லாம் பதிவாக வேண்டும். சீரியல் எண்ணோ குடோனில் கிடக்கும் பெட்டியின் மேல் இருக்கிறது. எந்தப் பெட்டி வண்டியில் ஏறும் என்பது ஏறும்போதுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ் சென்டர் லீவு. திங்களன்று வாடிக்கையாளர் ஷோரூமுக்குப் போன் போட்டால் டோல்ஃப்ரீ நம்பரைக் கொடுக்கிறார்கள். அங்கே கேட்டால், "உங்க பேர்ல ரெக்வெஸ்டே பதிவாகலையே சார்" என்கிறார்கள். ஒருவழியாகப் புதன்கிழமை ஆள் வருகிறார். வீட்டுக் குழாய்க்கு அவர் கொண்டுவந்த கனெக்டர் பொருந்தவில்லை. "வாங்கி வைங்க, அடுத்த வாரம் வரேன்" என்று போய்விடுகிறார்.

இதில் யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ஆகவே மரியாதையாகப் பேசப் பயிற்சி கொடுத்துப் பயனும் இல்லை. 'நாளைக்கே' என்று சேல்ஸ்மேன் சொன்னதற்குக் காரணம், பில் போட்டவுடன் அவர் கமிஷன் முடிந்துவிடுகிறது. மாட்டுவது தாமதமானால் அவருக்கு நஷ்டம் எதுவுமில்லை.

செய்ய வேண்டியது இதுதான். வண்டியில் ஏற்றும்போதே குடோன் ஆள் சீரியல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பட்டும். வண்டி கிளம்பும் முன் உங்கள் ஷோரூமே ரெக்வெஸ்டைப் பதிவு செய்து, அந்த எண்ணை வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். விற்கும்போதே குழாய் எந்த வகை, 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்கிறதா, வைக்கப்போகும் இடத்தின் அகலம் எவ்வளவு, தண்ணீர் எங்கே வெளியேறும் என்று கேட்டு பில்லின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள். கனெக்டரும் ஸ்டாண்டும் அப்போதே விற்பனையாகும். அது உங்களுக்கும் லாபம்.

எத்தனை நாளில் வருவார்கள் என்று சொல்வதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசி 50 இன்ஸ்டலேஷன்களை எடுங்கள். விற்ற தேதிக்கும் மாட்டிய தேதிக்கும் இடையே ஆன நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். 45-ஆவது இடத்தில் என்ன எண் இருக்கிறதோ அதைத்தான் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். சராசரியைச் சொன்னால் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஏமாற்றம் உறுதி. இன்சென்டிவை இரண்டாகப் பிரியுங்கள்: பாதி பில் போட்டதும், மீதி மெஷின் மாட்டி ஏழு நாள் புகாரில்லாமல் ஓடியதும்.

உங்கள் பங்கு, வாரம் இரண்டு மணி நேரம். வந்த புகார்களில் பத்தை எடுத்து நீங்களே போன் செய்யுங்கள். மேனேஜர் சுருக்கி எழுதிய அறிக்கையைப் படிப்பது இதற்கு ஈடாகாது. சுருக்கும்போது முதலில் காணாமல் போவது காரணம்தான். அமேசானின் தலைமை அதிகாரியாக இருந்தபோது ஜெஃப் பெசோஸ் தனக்கு வந்த வாடிக்கையாளர் புகார் மின்னஞ்சலை, ஒரே ஒரு கேள்விக்குறியை மட்டும் சேர்த்து, சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு அனுப்புவார். அதிகாரி எல்லா வேலையையும் விட்டுவிட்டு மூலகாரணத்தைத் தேடியாக வேண்டியிருந்தது. இதை நகலெடுப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'யார் செய்தது?' என்று ஆரம்பித்தால் அடுத்த மாதம் முதல் புகார் உங்கள் காதுக்கே வராது. 'ஏன் நடந்தது?' என்று டொயோட்டாவில் செய்வதுபோல ஐந்து முறை அடுத்தடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் மூன்றாவது ஏனிலேயே, நீங்கள் போட்ட விதி ஒன்றில் வந்து நிற்கும்.

மதுரையில் சைவ உணவகம் வைத்திருக்கிறேன். 'வாடிக்கையாளர் குறை சொன்னால் சப்ளையரே முடிவெடுக்கலாம்' என்று நிர்வாகக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். அப்படி விட்டால் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஓசியில் கொடுத்துவிட மாட்டார்களா?
– உணவக உரிமையாளர், மதுரை

சிலர் கொடுப்பார்கள். அதற்காக எல்லார் கையையும் கட்டினால் இழப்பது அதிகம். ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்களில் விருந்தினர் ஒருவரின் பிரச்னையைத் தீர்க்க, மேலாளரைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவிட ஊழியருக்கு அனுமதி உண்டு. அந்தத் தொகை டிபன் கடைக்குப் பொருந்தாது. அதன் பின்னால் இருக்கும் கணக்கு பொருந்தும். மாதம் நான்கு முறை வந்து, ஒவ்வொரு முறையும் 350 ரூபாய்க்குச் சாப்பிடும் குடும்பம் வருடத்துக்கு 16,800 ரூபாய் தருகிறது. 90 ரூபாய் மசால் தோசையை மாற்றிக் கொடுத்தால் மாவு, மசாலா, எண்ணெய் வகையில் உங்களுக்கு ஆகும் செலவு சுமார் 30 ரூபாய். மேனேஜர் வரும்வரை பத்து நிமிடம் காத்திருக்க வைத்தால், தோசை மாறினாலும் மனசு மாறாது.

எல்லை போட்டுக் கொடுங்கள். எந்த அயிட்டம் சரியில்லையோ அதைச் சப்ளையரே மாற்றித் தரலாம், அல்லது பில்லிலிருந்து எடுக்கச் சொல்லலாம். ஒரு மேஜைக்கு 300 ரூபாய் வரை சூப்பர்வைசர். அதற்கு மேல் போனால் மேனேஜர். கல்லா அருகே ஒரு நோட்டு: மேஜை எண், என்ன குறை, என்ன கொடுத்தோம். அவ்வளவுதான் எழுத வேண்டும். அன்றைக்கே கூப்பிட்டு விசாரணை வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை நோட்டைப் பாருங்கள்.

நோட்டு பேசும். காலை 8.30-லிருந்து 9.30-க்குள் தோசை வெள்ளையாக, வேகாமல் வந்தது என்று மறுபடி மறுபடி இருந்தால் கோளாறு மாஸ்டரிடம் இல்லை. ஒரே தோசைக்கல்லில் ஆர்டர் குவியும்போது, தண்ணீர் தெளித்துத் துடைத்த கல் மறுபடி சூடேறும் முன்பே அடுத்த மாவை ஊற்றுகிறார். அந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டாவது கல் வேண்டும். ஒரே சப்ளையர், ஒரே வாடிக்கையாளர் என்று திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஒருவரிடம் மட்டும் பேசுங்கள். விதியை எல்லோருக்கும் ரத்து செய்யாதீர்கள். நோட்டு வெறுமையாகவே இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். பயந்துகொண்டு யாரும் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம்.

திரும்பி வந்த சாப்பாட்டின் விலையைச் சப்ளையர் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை, "நல்லாத்தானே சார் இருக்கு" என்று வாடிக்கையாளரோடு வாதாடத்தான் செய்வார்.

டூவீலர் டீலர்ஷிப்பில் சேல்ஸ் மேனேஜராக இருக்கிறேன். கம்பெனியிலிருந்து வாடிக்கையாளருக்குப் போன் செய்து பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்கிறார்கள். எங்கள் ஸ்கோர் எப்போதும் 90-க்கு மேல். ஆனால் சர்வீஸுக்குத் திரும்பி வருபவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஸ்கோரை நம்புவதா, சர்வீஸ் பதிவேட்டை நம்புவதா?
– விற்பனை மேலாளர், சேலம்

சர்வீஸ் பதிவேட்டை. வண்டிச் சாவியைக் கொடுக்கும்போதே, "கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார், இல்லேன்னா என் இன்சென்டிவ் போயிடும்" என்று உங்கள் பையன்கள் சொல்கிறார்களா என்று பாருங்கள். சொல்கிறார்கள் என்றால், அந்த ஸ்கோர் வாடிக்கையாளரின் இரக்கத்தைத்தான் அளக்கிறது.

நெட் ப்ரமோட்டர் ஸ்கோர் என்கிற இந்த முறையை ஃப்ரெட் ரெய்ஹெல்ட் 2003-ல் முன்வைத்தார். 'எங்களை மற்றவருக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்ற கேள்விக்கு 9, 10 கொடுப்பவர்கள் ஆதரவாளர்கள், 7, 8 நடுநிலை, 6-ம் அதற்குக் கீழும் அதிருப்தியாளர்கள். ஆதரவாளர் சதவிகிதத்திலிருந்து அதிருப்தியாளர் சதவிகிதத்தைக் கழித்தால் ஸ்கோர். கருவி நல்ல கருவிதான். அதைச் சம்பளத்தோடு கட்டியதும் கெட்டுப்போகிறது.

இலக்கைச் சம்பளத்தோடும் வேலையோடும் கட்டினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி சாட்சி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்று ஊழியர்களை நெருக்கினார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 ஊழியர்கள் வேலை இழந்திருந்தார்கள். 2020-ல் 300 கோடி டாலர் கட்டி அரசுடன் சமரசம் செய்துகொண்டது வங்கி.

உங்கள் அளவில் செய்யக்கூடியவை: கம்பெனி வைத்த ஸ்கோரை மாற்ற உங்களால் முடியாது, ஆனால் டீலர்ஷிப்பின் உள் இன்சென்டிவை அதிலிருந்து பிரித்துவிடலாம். அதற்குப் பதில், முதல் இலவச சர்வீஸுக்கு வந்தவர்கள் எத்தனை சதவிகிதம், இலவச சர்வீஸ் முடிந்தபின் காசு கொடுத்து வந்தவர்கள் எத்தனை சதவிகிதம் என்று பாருங்கள். இரண்டாவது எண்தான் உண்மை பேசும். அதை மார்க் போலக் கெஞ்சி வாங்க முடியாது. 6-ம் அதற்குக் கீழும் கொடுத்தவரை 24 மணி நேரத்துக்குள் அழைத்துப் பேசுங்கள். பேசுபவர், வண்டியை விற்றவராக இருக்கக் கூடாது.

இன்னொன்று. மாதம் 30 பேர்தான் பதில் சொல்கிறார்கள் என்றால், ஒரே ஒருவர் ஆதரவாளரிலிருந்து அதிருப்தியாளராக மாறினாலே ஸ்கோர் ஏறக்குறைய 7 புள்ளி இறங்கிவிடும். இதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை மீட்டிங்கில் யாரையும் திட்டாதீர்கள். 'திருப்தி' என்பதை நம்பியும் ஏமாறாதீர்கள்: ஜெராக்ஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை ஆராய்ந்தபோது, 'முழுத் திருப்தி' என்றவர்கள், வெறும் 'திருப்தி' என்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக மறுபடி வாங்கும் வாய்ப்பு உள்ளவர்களாக இருந்தார்கள். ஐந்துக்கு நான்கு என்பது பரவாயில்லை மார்க் அல்ல.

சின்ன ஊரில் ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்துகிறேன். நகரத்து லேபைவிடக் கட்டணம் குறைவு. அப்படியும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வருவதில்லை. இன்னும் எவ்வளவு குறைப்பது?
– பரிசோதனைக்கூட உரிமையாளர், திண்டுக்கல் மாவட்டம்

குறைக்காதீர்கள். உங்கள் கட்டணம் அவர்கள் செலவில் ஒரு பகுதிதான். டாக்டர் வி. எனப்பட்ட கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராம முகாம்களில் கண்புரை கண்டுபிடித்தவர்களுக்கு இலவச அறுவை சிகிச்சை தருவதாகச் சொல்லியும் நிறையப் பேர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, பயம் என்று காரணங்கள் இருந்தன. முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட ஆரம்பித்த பிறகுதான் எண்ணிக்கை மாறியது.

உங்கள் வாடிக்கையாளர் எத்தனை நடை நடக்கிறார் என்று எண்ணுங்கள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் காலையில் ஒரு நடை, ரிப்போர்ட் வாங்க மாலையில் இன்னொன்று, அதை டாக்டரிடம் காட்ட மறுநாள் மூன்றாவது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் வேலை போச்சு. 50 ரூபாய் தள்ளுபடி அதற்கு முன்னால் நிற்குமா? வாரம் இரண்டு நாள், காலை 6 முதல் 8 வரை, கிராமத்துக்கே போய் ரத்தம் எடுங்கள். மாதிரியை எடுத்து லேபில் சேர்க்கும் நேரம் முக்கியம்: குளுக்கோஸுக்கு ஃப்ளோரைடு கலந்த, சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுக்கவில்லையென்றால், வழியிலேயே ரத்த அணுக்கள் சர்க்கரையைச் செலவழித்து அளவு குறைவாகக் காட்டும். ஐஸ் பேக் வைத்த பெட்டி அவசியம். ஆனால் ரத்தம் எடுத்த குழாய் நேரடியாக ஐஸில் படக் கூடாது, அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் தாறுமாறாக ஏறும். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் நோயாளிக்கும், அவர் சம்மதித்தால் டாக்டருக்கும் அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவருக்கு அச்சுப் பிரதி அடுத்த நடையில் போகட்டும்.

எல்லா வாடிக்கையாளரையும் திருப்திப்படுத்த முடியுமா?
– பலசரக்குக் கடைக்காரர், தென்காசி

முடியாது, யாருக்காகக் கடை என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1983-ல் கடலூரில் சிக் ஷாம்புவைத் தொடங்கிய சி.கே.ரங்கநாதன், பாட்டில் வாங்குபவர்கள் பின்னால் ஓடவில்லை. பாட்டில் வாங்க முடியாதவர்களுக்காகச் சாஷேயில் விற்றார். காலி சாஷேக்களைக் கொடுத்தால் புதியது ஒன்று என்று ஆசை காட்டினார், கிராமங்களில் தலைக்குப் போட்டே காட்டினார். விலை, அளவு, விளம்பரம் எல்லாமே அந்த ஒரு வாடிக்கையாளரை வைத்துத்தான். கடன் சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்து வேறு கடைக்குப் போகிறவரை நீங்கள் தாராளமாக விட்டுவிடலாம்.

நாங்கள் நேரடியாக மக்களுக்கு விற்பதில்லை, பையருக்கு (மொத்தமாக வாங்கும் நிறுவனத்துக்கு) மட்டும்தான். எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?
– பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

பையர் என்பது ஒரு ஆள் இல்லை. ஆர்டர் போடும் மெர்ச்சண்டைசர், துணியைப் பார்க்கும் க்யூ.சி., அட்டைப்பெட்டியை இறக்கும் கிடங்கு ஆள், பில்லைப் பாஸ் செய்யும் அக்கவுண்ட்ஸ், நால்வரும் உங்கள் வாடிக்கையாளர்கள்தான். கடந்த வருடம் பணத்தைப் பிடித்துக்கொண்டு பையர் அனுப்பிய டெபிட் நோட்டுகளை எடுத்து இந்த நால்வரில் யாரால் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். தையலைவிட, பெட்டி லேபிளுக்கும் பேக்கிங் லிஸ்ட்டுக்கும் பொருந்தாத சைஸ் கணக்கு, ஸ்கேன் ஆகாத பார்கோடு என்று பேக்கிங் மேஜையில் விளைந்தவை எத்தனை என்று எண்ணுங்கள்.

எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். அளவில், 2.5-ல் பாஸ் ஆனதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். 1,201 முதல் 3,200 பீஸ் வரையிலான லாட்டில் 125 பீஸ் எடுத்துப் பார்க்கிறார்கள். 7 பெரிய குறை வரை பாஸ். அந்தக் குறையுள்ள பீஸ் கடைசியில் யாரோ ஒருவர் கைக்குப் போகிறது, அவர் திருப்பிக் கொடுத்தால் பையரின் கணக்கில் உங்கள் பெயரோடு ஏறுகிறது. ரிட்டர்ன் விவரத்தை ஸ்டைல் வாரியாகக் கேட்டு வாங்குங்கள்.

தாமதம் வரும் என்று தெரிந்த அன்றைக்கே, எந்த பிராசஸில் எத்தனை நாள் என்று எழுதி, மாற்று வழி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். சாயப்பட்டறையில் துணி மாட்டிக்கொண்டது என்று ஷிப்மென்ட் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் சொன்னால் பாதியைக் கப்பலிலும் பாதியை விமானத்திலும் அனுப்புவது பற்றிப் பேசலாம். மூன்று நாள் முன்னால் சொன்னால் விமானச் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருக்கிறோம். போதும்தானே?
– ஜவுளிக் கடை உரிமையாளர், கும்பகோணம்

போதாது. 2020 ஜூலை 20-ல் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலவரையறை இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள். 'கலர் பிடிக்கவில்லை' என்று வருவது வேறு. அதை மாற்றித் தருவது உங்கள் விருப்பம். அதையும் எத்தனை நாள், என்ன நிபந்தனை என்று பில்லிலேயே தெளிவாக எழுதிவிட்டால் கவுன்ட்டரில் சண்டை குறையும்.

பில்லுக்காக வாங்கிய போன் நம்பரைச் சீட்டுக் கம்பெனிக்கோ நகைக்கடைக்கோ கொடுப்பதும் அதே சட்டத்தில் அதே வகைக் குற்றச்சாட்டில் வரக்கூடும். ஆன்லைனிலும் விற்கிறீர்கள் என்றால் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர்கள் இப்போது 1915 என்ற உதவி எண்ணை அறிந்தே வருகிறார்கள்.

அப்பாவுக்கு 40 வருட வாடிக்கையாளர்களைப் பெயர் சொல்லித் தெரியும். அவர் வயதாகி ஒதுங்கப்போகிறார். வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் சி.ஆர்.எம். மென்பொருள் வாங்கலாமா?
– ஹார்டுவேர் கடை, காரைக்குடி

இப்போது வேண்டாம். ஆறு மாதம் எக்ஸெல் போதும். பெயர், ஊர், என்ன தொழில் (பிளம்பரா, மேஸ்திரியா, வீடு கட்டுபவரா), கடைசியாக வாங்கியது, அவரைப் பற்றித் தெரிய வேண்டிய ஒரு வரி. ஐந்து கட்டத்துக்கு மேல் வைத்தால் கவுன்ட்டரில் யாரும் நிரப்ப மாட்டார்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் அப்பாவின் சொத்து: 'சனிக்கிழமை சம்பளம் வந்ததும் பாக்கியைக் கொடுப்பார்', 'அளவு தப்பாகவே சொல்லுவார், மறுபடி கேட்கணும்', 'பிவிசி அந்தக் கம்பெனி தவிர வேறு தொடமாட்டார்'. தினமும் கடை மூடும் முன் அரை மணி நேரம் அப்பாவோடு உட்கார்ந்து அன்றைக்கு வந்த பத்துப் பேரைப் பற்றி மட்டும் கேட்டு எழுதுங்கள். மொத்தமாக உட்கார்ந்து சொல்லச் சொன்னால் அவருக்கும் நினைவு வராது. முகத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் வரும்.

ஆறு மாதம் கழித்து இந்தப் பட்டியலை உங்கள் ஊழியர்கள் தாங்களாகவே திறந்து பார்க்கிறார்கள் என்றால் மென்பொருள் வாங்குங்கள். நீங்கள் மட்டும்தான் திறக்கிறீர்கள் என்றால் எதை வாங்கினாலும் சந்தாப் பணம்தான் போகும்.